ஆறாம் பேண்டில் அதட்டும் பெண்

எங்கள் எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரருக்கு இரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தேழு என்று மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். அதை மறுக்கப்போவதில்லை. கைக்கு அடக்கமாக ஒரு கறுப்புப் பெட்டி, அதில் சின்ன வெளிச்சத் திரை, திரையில் கொட்டை எழுத்தில் 157, எதிரே முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தாறு வயது மனிதர். இதைப் பார்த்தால் நீங்கள்தான் என்ன நினைப்பீர்கள்? எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் மூன்று சைபரும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடி சரியில்லை. அதைப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான் என்பதால் பழியில் பாதி அவருக்கு.

விஷயம் கைமீறிப் போயிற்று. மூன்றாம் மாடிக்காரர்கள் அவரைக் காலை நடைக்குக் கூப்பிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி அவருடைய மனைவியை மடக்கி, உப்பைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் அறிவுரை சொன்னாள். கடைசியில் கண்ணாடிக்காரரின் மனைவி, அந்த அக்கா, என் வாசலுக்கே வந்து நின்றார். அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. வருஷக்கணக்காக மற்றவர்களின் லீவு லெட்டர்களைப் படித்துப் படித்து, எதையும் காட்டிக்கொடுக்காத முகம் அவருக்கு.

"அது பிரஷர் மெஷின் இல்லம்மா. ரேடியோ ஸ்கேனர். டாக்சிக்காரங்க, படகுக்காரங்க, ஏர்போர்ட்காரங்க எல்லாம் வயர்லெஸ்ல பேசிக்கிறாங்க பாரு, அதை ஒட்டுக்கேக்குற மெஷின்."

அப்படி ஒரு மெஷின் கடையில் விற்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷம் வெறும் சுவரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அண்ணாவுக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டேன். அக்கா பெருமூச்சு விட்டுச் சொன்ன கதையில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது போலக் கேட்டுக்கொண்டேன்.

கண்ணாடிக்காரருக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே, கீழே இருக்கும் கடையின் பெயர்ப்பலகையில் 'அப்பாவும் மகளும்' என்று எழுதிவிட்டார். மகளைக் கேட்கவில்லை. அவள் படித்து முடித்ததும் துறைமுகத்தில், கப்பல்களுக்கும் படகுகளுக்கும் வயர்லெஸ்ஸில் வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்பாவைக் கேட்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் அவர்கள் வீட்டில் நடந்த சண்டையைக் கேட்க எந்த மெஷினும் தேவைப்படவில்லை. "நாள் பூரா மைக்ல கத்துறது ஒரு வேலையா? கப்பல்காரனுக்கு என்ன கண்ணா தெரியல?" என்று இவர். "என் வேலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எங்கிட்ட பேசுங்க" என்று அவள். பெட்டியோடு துறைமுகக் குடியிருப்புக்குப் போனவள்தான். பஸ்ஸில் அரைமணி தூரம். எட்டிப் பார்க்கவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு மட்டும் போன்.

"இவரு சரியான அழுத்தக்காரர். தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பேசுன்னு அவ சொன்னாளாம், இவரு தெரிஞ்சுக்கறாராம். போய்ப் பார்க்க மாட்டாரு, போன் பண்ணிக் கேக்க மாட்டாரு. பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு பழைய சாமான் கடையில இதை வாங்கிட்டு வந்து அவ குரலைத் தேடிட்டு இருக்காரு. மூணு வாரமாச்சு. கிடைக்கல."

இதுவரைக்கும் சரி. அதன்பிறகு அக்கா சொன்னதுதான் விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை ஒருமுறை வந்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா கெஞ்சியிருக்கிறார். சனிக்கிழமை போனில் சொல்கிறேன் என்றாளாம். அப்பா இன்னும் பழைய பல்லவியையே பாடுகிறார் என்றால் வரமாட்டாள். அத்தோடு துறைமுகத்திலேயே நிரந்தரக் குடியிருப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். அவர் என்னிடம் இதைச் சொன்னது வியாழக்கிழமை.

அந்த வாரம் என் மூக்குக்கண்ணாடியின் திருகு மூன்றுமுறை தளர்ந்தது. அதைத் தளர்த்துவதற்கென்றே வீட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்காரர் மெஷினைச் சட்டென்று பிரேம் தட்டுக்கு அடியில் தள்ளினார். ஏரியலை மடக்க மறந்துவிட்டார். அது பிரேம்களுக்கு நடுவே கொக்குக் கழுத்து மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க அண்ணா."

"தங்கச்சி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, நான் எதுக்குச் சொல்றேன்" என்றேன். சொன்ன நேரத்தில் அதை மனதார நம்பவும் செய்தேன்.

யாரிடமாவது கொட்டித் தீர்க்கவேண்டும் என்று மூன்று வாரமாகத் தவித்துக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது. மெஷினை வெளியே எடுத்து, எனக்குக் கண் பரிசோதனை செய்வது போலவே நிதானமாக விளக்கினார். திரையின் மேல்வரிசையில் ஒன்றிலிருந்து பத்து வரை பொடி எண்கள். ஒவ்வொன்றும் ஒரு தேடல் பேண்டு. விமானங்களுக்கு ஒன்று, டாக்சிகளுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று தெருத்தெருவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எண் திரையில் தெரிந்தால் அந்தத் தெருவில் தேடுகிறது. தெரியாவிட்டால் அந்தப் பக்கமே போகாது. தெரிகிற எண்களில் ஒன்று மட்டும் அணைந்து அணைந்து மினுக்கும். மெஷின் இந்த நிமிஷம் அந்தத் தெருவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் கொட்டை எழுத்தில் ஓடுவது அலைவரிசை எண், அதாவது வீட்டு நம்பர். எங்கேயாவது பேச்சுச் சத்தம் கேட்டால் அந்த வாசலில் நின்று காது கொடுக்கும். பேச்சு முடிந்தால் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும்.

அந்த மெஷின் மீது எனக்கு அப்போதே ஒரு பாசம் வந்துவிட்டது.

இதை இவர் புரிந்துகொண்ட அழகைக் கேளுங்கள். கண்ணாடி வில்லை தேய்க்கும் மெஷின் ஒன்று கடையில் இருக்கிறது. அதில் விளக்கு மினுக்கினால் கோளாறு, உடனே நிறுத்த வேண்டும். இருபது வருஷப் பழக்கம். ஸ்கேனரில் ஓர் எண் மினுக்கியதும் பதறிப்போய் அந்த எண்ணின் பொத்தானை அமுக்கி அணைத்திருக்கிறார். அடுத்த எண் மினுக்கியது. அதையும் அணைத்தார். இப்படியே ஒன்பது தெருவையும் அடைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய டாக்சித் தெருவில் முதல் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். எந்த டிரைவருக்கு இடுப்பு வலி, எவர் ரயிலடிக்குப் போகச் சொன்னால் முனகுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மகளைத் தவிர எல்லாரும் பேசினார்கள்.

இரண்டாவது வாரம்தான் மெஷினோடு வந்த விளக்கத் தாளை எடுத்திருக்கிறார். எட்டாக மடித்த ஒரே தாள், எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், வில்லையில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து அதைப் படித்து, ஆறாம் பேண்டுதான் கடல் என்று கண்டுபிடித்தார். ஆறைத் திறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடினார். அன்றிலிருந்து மெஷின் கடலோரத் தெருவில் மட்டும் மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கிறது. மகள் மட்டும் அகப்படவில்லை.

"ஒருவேளை அவங்க பேசுறது இந்த மெஷினுக்கு எட்டலையோ என்னவோ" என்றார். குரலில் சுருதி இறங்கியிருந்தது. "நாளைக்கு ஆறு மணிக்கு அவ போன் பண்ணுவா. நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்றது தங்கச்சி? டாக்சிக்காரன் இடுப்பு வலியையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அதைத் திருகு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி திருகு தளர்ந்தது. கடையில் வேறு யாருமில்லை. அவர் 'மதிய இடைவேளை' அட்டையைக் கதவில் தொங்கவிட்டு, மெஷினை மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருந்தார். ஆறு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. நடு எண் சரசரவென்று ஓடி ஓரிடத்தில் நின்றது. 157, புள்ளி, மூன்று சைபர். என் பழைய இரத்த அழுத்தம்.

"இழுவைப் படகு ரெண்டு பேசுறேன். மூணாம் பெர்த். பின் கயிறு முதல்ல. வேகம் அஞ்சு" என்றது கரகரவென்று ஓர் ஆண் குரல்.

பெர்த் என்றால் கப்பலைக் கொண்டுவந்து கட்டி நிறுத்தும் இடம் என்றும், பெரிய கப்பலை முன்னும் பின்னும் இரண்டு இழுவைப் படகுகள் தள்ளிக்கொண்டு வந்து அங்கே சேர்க்கும் என்றும் கண்ணாடிக்காரர் விளக்கினார். பரவாயில்லை, மூன்று வாரத்தில் அவ்வளவு தேறியிருக்கிறார். அதற்குள் அதே குரல் மறுபடி வந்தது.

"மன்னிக்கணும். அஞ்சு இல்ல, நாலு. வேகம் நாலு."

பிறகு சத்தமில்லை. மெஷின் இரண்டு விநாடி பார்த்துவிட்டு நகர்ந்தது.

"இப்படித்தான் தங்கச்சி. தினமும் இவனுங்க குரல்தான். தனியாப் பேசிக்கிறானுங்க."

சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் மற்றவர்களின் போன் பேச்சில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு மறுபக்கத்தைக் கட்டி முடிப்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் இல்லை. தற்பெருமை இல்லை, உண்மை.

"அண்ணா, தனியாப் பேசுறவன் மன்னிக்கணும்னு சொல்ல மாட்டான். இந்த ஆளு யார்கிட்டயோ வாங்கிக் கட்டிக்கிறான். எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட போன்ல பேசுற அதே குரல் இது."

"மறுபக்கம் கேக்கலையே."

"இவங்க ஒரு நம்பர்ல பேசி, அவங்க வேற நம்பர்ல பதில் சொன்னா?"

அவர் பூதக்கண்ணாடியைத் தாளின் மேல் ஓட்டினார். ஒரு மூலையில் அது இருந்தது. கடல் பேண்டில் சில இடங்களில் படகு ஓர் எண்ணிலும், கரை அதைவிட மேலான இன்னோர் எண்ணிலும் பேசும் என்று. "ஆனா நான் ஆறாம் பேண்டு முழுக்கத்தானே தேடுறேன்? மேல இருந்தாலும் அகப்படணுமே" என்றார்.

அப்போதுதான் அவருடைய நோட்டைப் பார்த்தேன். நோட்டு என்றால் நோட்டில்லை, நமக்குக் கண்ணாடி நம்பர் எழுதிக் கொடுப்பாரே, அந்தச் சீட்டுக் கட்டு. இடது கண், வலது கண் என்று அச்சடித்த கட்டங்களில் அலைவரிசை எண்களை எழுதி வைத்திருந்தார். கேட்டதற்குத் தன் முறையைச் சொன்னார். வில்லை பார்ப்பது போலத்தான்: ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் சரியானது நிற்கும். மெஷினில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. பிடிக்காத வாசலில் நிற்கும்போது அதை அமுக்கினால், அந்த எண்ணைத் தள்ளிவைத்துவிடும். அப்புறம் எத்தனை முறை அந்தத் தெருவைச் சுற்றினாலும் அந்த வீட்டில் மட்டும் நிற்காது. இப்படி நாற்பத்தொரு எண்களைத் தள்ளிவைத்திருந்தார். மகளை எளிதாகக் கண்டுபிடிப்பதற்காக.

சீட்டைப் படித்தேன். ஒரு கட்டத்தில் 'மீன் படகு. வலை கிழிந்த கதை. இல்லை.' இன்னொன்றில் 'வானிலை வாசிப்பவர். தூக்கம் வருகிறது. இல்லை.' ஒன்பதாவது கட்டத்தில், வலது கண்ணுக்கு நேராக: '161.600. யாரோ அதட்டுற அம்மா. நம்ம பொண்ணு இல்லை.'

"அண்ணா, இந்த அதட்டுற அம்மா யாரு?"

"அதுவா? ஆறைத் திறந்த முதல் நாளே வந்தது. ஒரே வார்த்தைதான் கேட்டேன். 'மறுபடி சொல்லுங்க'ன்னு ஒரு பொம்பளை. யாரோ பெரிய அதிகாரி போல. நம்ம பாப்பா அப்படிப் பேசுவாளா? வீட்ல அவ பேசுனா அடுத்த தெருவுக்குக் கேக்கும். இது அப்படியில்ல, நிதானமா, கீழ்க்குரல்ல..."

"எனக்குக் கண் பார்த்தப்ப நாலு வில்லை மாத்தி மாத்திப் போட்டீங்க. மூணாவதுதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். நீங்க கேக்கல. மறுபடி முதல் வில்லையவே போட்டுக் காட்டினீங்க. ஞாபகம் இருக்கா?"

"அது அப்படித்தான் செய்யணும். ஜனங்க அவசரத்துல வேண்டாம்னு சொல்லிடுவாங்க. முதல்ல வேண்டாம்னு சொன்னதைக் கடைசியா ஒருதடவை திரும்பக் காட்..."

வாக்கியம் முடியவில்லை. கை மெஷினுக்குப் போய்விட்டது.

தேடலை நிறுத்தி, மேல் நோக்கிய அம்புப் பொத்தானைப் பிடித்து அழுத்தினார். எண் ஓடியது. அவசரத்தில் 161.900 வரை போய்விட்டது. திரும்பக் கீழே வந்தார், ஒவ்வொரு தட்டாக, வில்லையை நகர்த்துவது போல. 161.600 வந்ததும் திரையின் மூலையில் எல், ஓ என்று இரண்டு குட்டி எழுத்துகள் முளைத்தன. தள்ளிவைத்ததற்கு அடையாளம். பொத்தானை அமுக்கினார். எழுத்துகள் மறைந்தன.

ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு வந்தது. "இழுவைப் படகு ரெண்டு. உங்களுக்கு முன்னாடி கப்பல் மறைக்குது, செவுரு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. இன்னும் இருபது மீட்டர். வேகம் ரெண்டு. மறுபடி சொல்லுங்க."

படகுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஏனென்றால் மெஷின் இப்போது மகளுடைய வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுபோனார். அப்போதும் அவருக்குச் சந்தேகம்தான். அந்தக் குரல் அவ்வளவு அமைதி.

"பத்து மீட்டர். நிறுத்துங்க. முன் படகு, உங்க பக்கம் இப்ப தெளிவா இருக்கா, இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு ஜீவனிடமும் இருபது வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அதே இழுவை, கடைசியில் அதே நொடி நிறுத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே கடையின் மூலையில் பாடம் எழுதிய பெண் அதை எங்கேயிருந்து கொண்டுபோயிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றுமில்லை. நான் பார்த்தேன்.

"அப்ப நாம கேட்டது இதுதான் தங்கச்சி, இவ சொன்னதை அவன் திருப்பிச் சொல்றான். அந்தப் படகுக்காரனுக்கு என் வயசு இருக்கும். இவ சொல்றா, அவன் ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்றான்."

"தப்பாக் கேட்டா செவுத்துல மோதிடும் இல்ல?"

"இந்த வீட்ல அவ சொன்னதை யாரு ஒழுங்காக் கேட்டோம்" என்றார். 'யாரு' என்று பொதுவாகச் சொன்னாலும், என்னையோ அக்காவையோ அதில் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சரியாக ஆறு மணிக்கு எனக்கு அவர்கள் வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்க வேண்டியிருந்தது. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், கையெல்லாம் சோப்பு நுரை. போன் அடித்தது. அக்கா கையைத் துடைக்கத் துணி தேடிய நேரத்தில் கண்ணாடிக்காரர் எழுந்து போய் எடுத்துவிட்டார். நான்கு மாதத்தில் முதல்முறை. எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை, ஸ்பீக்கர் பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு நின்றார்.

"அம்மா, நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன்" என்றது போன். "ஒரு மணி நேரம்தான் இருப்பேன். கடையைப் பத்தி ஒரு வார்த்தை எடுத்தாலும் கிளம்பிடுவேன்னு அப்பாகிட்ட சொல்லிடு."

அக்கா துணியும் கையுமாக அப்படியே நின்றார். இந்த இடத்தில் பழைய கண்ணாடிக்காரராக இருந்தால், 'யாரு வீட்டுக்கு யாரு நேரம் குறிக்கிறது' என்று தொடங்கியிருப்பார். அந்த வசனம் எனக்கு மனப்பாடம்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நாளைக்குப் பதினொண்ணு. ஒரு மணி நேரம். கடைப் பேச்சு இல்ல."

மறுபக்கத்தில் சத்தமில்லை. இரண்டு விநாடியைத் தாண்டிவிட்டது. அந்த மெஷினாக இருந்தால் அடுத்த வாசலுக்குப் போயிருக்கும். இவர் நின்றார்.

"சரிதான்" என்றாள் கடைசியில். அது துறைமுகக் குரல். அப்புறம், அடுத்த தெருவுக்குக் கேட்கும் எங்கள் பழைய குரலில், "அப்பா, எந்த பேண்டுல கேட்டீங்க?"

"ஆறு."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமாத் தேடுறேன் பாப்பா. இன்னிக்குத்தான் கிடைச்ச."

"மூணு வாரமா? நான் தினம் எட்டு மணி நேரம் அதுலதானே பேசுறேன். அப்புறம் எப்படிக் கிடைக்காமப் போகும்?"

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். அவருடைய சட்டைப் பையில் அந்தச் சீட்டுக் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. வலது கண்ணுக்கு நேராக எழுதியிருந்த வரி எனக்கும் ஞாபகம் இருந்தது, அவருக்கும் ஞாபகம் இருந்தது. நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"மெஷின் கோளாறு" என்றார்.

வாசல் வரை வந்து என்னை வழியனுப்பும்போது தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார், அவளையே தள்ளிவைத்த கதை மட்டும் அவள் காதுக்குப் போகக் கூடாது என்று. சத்தியமாகப் போகாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தவள் மாலை ஐந்து மணிக்குத்தான் கிளம்பினாள். போகும்போது கடை ஷட்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததை மாடியிலிருந்தே பார்த்தேன். இறங்கிப் போய்ப் படித்தேன். சீட்டுக் கட்டிலிருந்து கிழித்த தாள்தான். ஒன்பதாவது கட்டத்தில் 'நம்ம பொண்ணு இல்லை' என்பதில் 'இல்லை' மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மகளுடைய கையெழுத்தில் 'மறுபடி சொல்லுங்க' என்று இருந்தது.

நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் மாடியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.